முதல் தடவை லினக்ஸ் கெர்னலைப் புதுப்பிக்கிறவர்களுக்கு: திரும்பி வரும் வழியிலிருந்து தொடங்குவோம்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பிப்பது பற்றி என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பயம்தான், பாதியில் ஏதாவது ஆகி லேப்டாப் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. அதனால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய கெர்னல் வந்தால் பழையது உடனே அழிந்துவிடாது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையிலும் அதை ஒட்டி வந்தவற்றிலும் புதியது பழையதன் பக்கத்தில் வந்து உட்காரும், இரண்டும் டிஸ்கில் இருக்கும், எதை ஏற்றுவது என்பதைக் கணினி திறக்கும்போது நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பட்டியலை வரவழைக்கக் கை பழகிவிட்டால் மீதியெல்லாம் இரண்டு கட்டளை வேலை.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், பெரிய சாமான் வாங்கப் பொள்ளாச்சி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதில்லை. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, 2017-இல் கைட் என்ற நிறுவனமானது. இங்கே தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் ஜிஎன்யு லினக்ஸில்தான் கணினி பழகுகிறார்கள். அதைப் பார்த்து வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி அதையே போட்டுக்கொள்கிறார்கள். என் அக்கா மகள் ஒருநாள் போன் பண்ணி, "மாமா, அப்டேட் வந்திருக்கு, லினக்ஸ் இமேஜ்னு என்னமோ காட்டுது, அமுக்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்டாள். அவளுக்கு அன்றைக்குச் சொன்னதும், அப்புறம் அக்கம்பக்கத்தில் பலருக்குச் சொன்னதும் சேர்ந்துதான் இந்த வழிகாட்டி.

கட்டளைகளையும் போனில் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், நான் தனியாகச் சொன்னால் ஒழிய எல்லாம் சின்ன எழுத்து. ஒரு பெயருக்கு நடுவில் ஹைஃபன் வந்தால் இரண்டு பக்கமும் இடைவெளி கிடையாது, கட்டளைக்குப் பின்னால் வரும் ஹைஃபனுக்கு முன்னால் மட்டும் இடைவெளி உண்டு. நீளமான பெயர் என்றால் பாதி தட்டிவிட்டு டேப் விசையை அழுத்துங்கள், மீதியை அதுவே நிரப்பும், எழுத்துப்பிழையும் வராது.

கெர்னல் என்றால் என்ன, எப்போது மாற்ற வேண்டும்

வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, பத்துத் தோப்புக்காரர்கள் காத்திருக்கிறார்கள், மடை பார்க்கிறவர் ஒருவர்தான் யாருக்கு எவ்வளவு நேரம் என்று திறந்து அடைக்கிறார். அந்த ஆள்தான் கெர்னல். பிரவுசரும் பில் போடும் மென்பொருளும் பாட்டு ஓடும் பிளேயரும் பிராசசரையும் மெமரியையும் டிஸ்கையும் நேராகத் தொடுவதில்லை, கெர்னலிடம்தான் கேட்டு வாங்குகின்றன. வைஃபை, பிரிண்டர், டச்பேட் இவற்றோடு பேசும் டிரைவர்களில் பெரும்பாலானவையும் அதற்குள்ளேயேதான் இருக்கின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அந்த வேலையில் இப்போது ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது.

அதற்காக ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டு விதமான புதுப்பித்தல் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, நீங்கள் இருக்கும் அதே வரிசையில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து வருவது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவும் அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கு திறக்கிறவர்கள் கண்டிப்பாகத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, 5.15-இலிருந்து 6.8 என்பதுபோல வரிசையே மாறுவது. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் வைஃபை தெரியவில்லை, திரை வெளிச்சம் மாறவில்லை, மூடித் திறந்தால் உறைந்துபோகிறது, இப்படி ஏதாவது இருந்தால் இதற்குப் போகலாம். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் என் கருத்து, முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடுவதற்கு முன்னால்

முதலில் இப்போது எதில் இருக்கிறோம் என்று பாருங்கள். யுநேம் ஹைஃபன் ஆர். ஆங்கிலத்தில் uname -r. 6.8.0-60-ஜெனரிக் என்பதுபோல ஒன்று வரும். 6.8 என்பது வரிசை, 60 என்பது அந்த வரிசையில் உபுண்டு புதிது புதிதாக வெளியிடும்போது கூட்டிக்கொண்டே போகும் எண். இதை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். கணினிக்குள்ளேயே எழுதி வைத்தால், கணினி திறக்காத அன்றைக்கு அது உதவாது.

அடுத்து இடம். டிஎஃப் ஹைஃபன் எச், இடைவெளி, ஸ்லாஷ் பூட். கெர்னல் கோப்புகள் இருக்கும் இடம்தான் அந்தப் பூட். கெர்னல் கோப்பு சின்னதுதான், அதோடு வரும் இனிட்ஆர்டி என்ற தொடக்கக் கோப்புதான் 100 எம்பியைத் தொட்டுவிடும். பலருக்குப் பூட் தனிப் பகுதியாக இருக்காது, அப்படியானால் கவலையில்லை. டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்குத்தான் அது தனியாக, சின்னதாக இருக்கும். அங்கே 300 எம்பியாவது காலியாக இல்லாவிட்டால் முதலில் சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் (sudo apt autoremove, சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது) போட்டுப் பழையவற்றை எடுத்துவிட்டு வாருங்கள். இதை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் டேட்டா. கெர்னலும் அதன் மாட்யூல்களும் ஹெடர்களும் சேர்ந்து ஏறக்குறைய 200 எம்பி இறங்கும், லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பும் அன்றைக்கே வந்திருந்தால் இன்னும் சில நூறு எம்பி. போன் ஹாட்ஸ்பாட்டில் செய்கிறவர்கள் அன்றைய கணக்கைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கரண்டையும் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கிற ஊர்கள் இவை, ஆனி ஆடியில் காற்று இழுக்கிற இழுப்பில் தென்னை மட்டை கம்பிமேல் விழாத வாரம் இருக்காது. நிறுவிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் பெரும்பாலும் சரி செய்துவிடலாம், ஆனாலும் வேண்டாத வேலை. லேப்டாப் என்றால் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால் காற்று அடங்கின நேரமாகப் பாருங்கள்.

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கிலோ பென்டிரைவிலோ நகலெடுத்து வையுங்கள். கெர்னல் மாற்றுவது உங்கள் போட்டோவைத் தொடாது என்பது உண்மைதான், இருந்தாலும் எடுத்து வையுங்கள். சிஸ்டம் கோப்புகளுக்கு டைம்ஷிப்ட் நல்ல கருவி. லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவ் இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், எதுவுமே திறக்காவிட்டால் அதில்தான் ஏறி வர வேண்டும்.

திரும்பி வரும் கதவைத் திறந்து பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கணினி திறந்ததும் முதலில் எழுவது க்ரப். எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று முடிவு செய்வது அதுதான். உபுண்டு மட்டும் இருக்கும் கணினியில் அதன் பட்டியல் மறைந்தே இருக்கும், அதனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதை வெளியே கொண்டுவர: சூடோ நானோ, இடைவெளி, ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் டிஃபால்ட் ஸ்லாஷ் க்ரப். கோப்பு திறக்கும். பெரிய எழுத்தில் க்ரப், அடிக்கோடு, டைம்அவுட், அடிக்கோடு, ஸ்டைல் என்று ஒரு வரி இருக்கும், அதில் சமக்குறிக்குப் பின்னால் ஹிடன் என்று இருப்பதை மெனு என்று மாற்றுங்கள். அதன் கீழே க்ரப் அடிக்கோடு டைம்அவுட் என்ற வரியில் 0 இருக்கும், அதை 10 ஆக்குங்கள். கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். வெளியே வந்து சூடோ அப்டேட் ஹைஃபன் க்ரப். இதை அடிக்காவிட்டால் மாற்றியது எதுவும் ஏறாது.

இப்போது ரீஸ்டார்ட் செய்யுங்கள், கெர்னலை இன்னும் தொடவில்லை. பட்டியல் பத்து விநாடி நிற்கும். இரண்டாவது வரி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு, அதில் இறங்கி என்டர். உள்ளே கெர்னல்கள் எண்ணோடு வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் அடியில் ரிகவரி மோடு என்று இன்னொன்று. ரிகவரியை இப்போது விடுங்கள். பழைய எண்ணைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், யுநேம் ஹைஃபன் ஆர் போட்டுப் பாருங்கள், அந்தப் பழைய எண்ணே வரும். புதிதாக நிறுவிய கணினியில் ஒரே ஒரு கெர்னல்தான் இருக்கும், அதில் நுழைந்து பார்த்தாலும் போதும், கை பழக வேண்டும் என்பதுதான் விஷயம். என் அக்கா மகள் இதை மூன்று தடவை செய்து பார்த்தாள், அதற்கப்புறம் ஒருநாளும் அமுக்கட்டுமா என்று கேட்டதில்லை.

கோப்பை மாற்றாமலே இருக்கிறவர்கள் அவசரத்துக்கு, லேப்டாப் கம்பெனியின் சின்னம் மறையும்போது எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டலாம், பழைய பயாஸ் கணினி என்றால் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் வெறும் கறுப்புத் திரையில் க்ரப் என்று மட்டும் நிற்கும். பயப்பட வேண்டாம், நார்மல் என்று தட்டி என்டர் அடியுங்கள், இல்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அந்த நிலையில் டிஸ்கில் எதுவும் எழுதப்படுவதில்லை.

இனி வேலை

சூடோ ஆப்ட் அப்டேட். இது பட்டியலை மட்டும் இறக்கும். அப்புறம் சூடோ ஆப்ட் அப்கிரேடு. என்னென்ன வரப்போகிறது என்று காட்டிவிட்டுச் சம்மதம் கேட்கும், அங்கே லினக்ஸ் ஹைஃபன் இமேஜ் என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் கெர்னல் வருகிறது என்று அர்த்தம். அதே எண்ணோடு லினக்ஸ் ஹைஃபன் ஹெடர்ஸ் என்பதும் வருகிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். சில பழைய குறிப்புகளில் ஆப்ட் ஹைஃபன் கெட் அப்கிரேடு என்று இருக்கும், அது புதிய தொகுப்புகளைச் சேர்க்காது, அதனால் கெர்னல் அங்கேயே தங்கிவிடும். வெறும் ஆப்ட் போதும். சில தொகுப்புகள் ஃபேசிங் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டன என்று வந்தால் அது பிழையில்லை, உபுண்டு எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை, சில நாளில் தானாக வரும்.

வரிசையே மாற வேண்டியவர்களுக்கு உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளில் எச்டபிள்யூஇ என்று, புதிய வன்பொருளுக்காகப் புதிய கெர்னல் வரிசைகளைத் தரும் ஒரு தடம் இருக்கிறது. உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதன் கெர்னல் 5.15, அதன் எச்டபிள்யூஇ தடம் 6.8 வரை வந்து நின்றது. 24.04 தொடங்கியதே 6.8-இல், அங்கிருந்து அதன் தடம் 6.11, 6.14 என்று போனது. கட்டளை: சூடோ ஆப்ட் இன்ஸ்டால், பிறகு இரண்டு ஹைஃபன் சேர்த்து இன்ஸ்டால் ஹைஃபன் ரெக்கமெண்ட்ஸ், பிறகு லினக்ஸ் ஹைஃபன் ஜெனரிக் ஹைஃபன் எச்டபிள்யூஇ ஹைஃபன் 24.04. கடைசி எண் உங்கள் வெளியீட்டின் எண்ணாக இருக்க வேண்டும். டெஸ்க்டாப் பதிப்பை நிறுவியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இந்தத் தடத்தில்தான் இருப்பீர்கள், அப்படியானால் புதிதாக ஒன்றும் இல்லை என்றே பதில் வரும்.

இங்கே நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். தெரிந்த ஒருவரின் தேங்காய் மண்டியில் பில் போடும் லேப்டாப். அதில் கெர்னல் இமேஜ் தொகுப்பை மட்டும் எண் போட்டு நிறுவினேன், ஹெடர்களை விட்டுவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபை இல்லை. அந்த லேப்டாப்பின் வைஃபை டிரைவர் கெர்னலுக்கு வெளியிலிருந்து வருவது, டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைப் புதிதாகக் கட்டித்தர வேண்டும், கட்டுவதற்கு ஹெடர்கள் வேண்டும். வாசலில் லாரி, உள்ளே சரக்குக் கணக்கு அனுப்ப முடியவில்லை. க்ரப்பில் பழைய கெர்னலுக்குத் திரும்பி, வைஃபை வந்ததும் புதிய எண்ணுக்கான ஹெடர்களை நிறுவினேன், டிரைவர் தானாகக் கட்டிக்கொண்டது, மறுபடி புதியதில் ஏறினால் எல்லாம் சரி. அன்றிலிருந்து எண் போட்டுத் தனித்தனியாக நிறுவுவதில்லை, லினக்ஸ் ஹைஃபன் ஜெனரிக் போன்ற மொத்தப் பெயரைத்தான் கொடுக்கிறேன், அது இமேஜையும் ஹெடரையும் சேர்த்தே இழுத்து வரும். என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களும் நிறுவி முடித்ததும் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்து, புதிய எண்ணுக்கு எதிரில் இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா பாருங்கள். சில என்விடியா டிரைவர்கள் உபுண்டுவே கட்டிக் கையெழுத்திட்டுத் தருபவை, அவை இந்தப் பட்டியலில் வராது.

ஏறின பிறகு

யுநேம் ஹைஃபன் ஆர், புதிய எண். அப்புறம் வைஃபை, சத்தம், கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, பில் பிரிண்டர் ஓடுகிறதா என்று ஒரு சுற்று. ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் பி ஹைஃபன் பி இஆர்ஆர் (journalctl -b -p err, முதல் பி b, இரண்டாவது p) என்றால் இந்தத் தடவை ஏறியபோது வந்த பிழைகளைக் காட்டும். சிவப்பாக நாலைந்து வரி எல்லாக் கணினியிலும் இருக்கும், பழைய கெர்னலில் வராதது ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

சரியாக வரவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் முதல் படி ஒன்றுதான், க்ரப்பில் பழைய கெர்னல். உள்ளே வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

நெட் மட்டும் போய்விட்டது என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், வைஃபை டிரைவர் இல்லாமலே நெட் வரும். திரை முழுக்க எழுத்தோடு கெர்னல் பேனிக், விஎஃப்எஸ், ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று நின்றால் பெரும்பாலும் தொடக்கக் கோப்பு உருவாகவில்லை, பூட் பகுதி நிறைந்துபோனது அதற்கு வழக்கமான காரணம். பழையதில் ஏறி, இன்னும் பழைய கெர்னல் ஒன்றை நீக்கி இடம் பண்ணி, சூடோ அப்டேட் ஹைஃபன் இனிட்ரேம்எஃப்எஸ், இடைவெளி விட்டு ஹைஃபன் சி, இடைவெளி விட்டு ஹைஃபன் கே, புதிய கெர்னலின் முழு எண், அப்புறம் சூடோ அப்டேட் ஹைஃபன் க்ரப். நிறுவும்போதே கரண்ட் போனது என்றால் சூடோ டிபிகேஜி, இரண்டு ஹைஃபன் கான்ஃபிகர், இடைவெளி, ஹைஃபன் ஏ. அதன்பின் சூடோ ஆப்ட் ஹைஃபன் எஃப் இன்ஸ்டால்.

செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் ஏறவிடும் பாதுகாப்பு, போட்டிருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளி டிரைவர் கட்டும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். நீலத் திரையைப் பார்த்துப் பயந்து கன்டினியூ அமுக்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், டிரைவர் கட்டப்பட்டும் ஏறாமல் கிடக்கும், காரணமும் புரியாது.

இணையத்தில் உபுண்டு மெயின்லைன் கெர்னல்கள் என்று கிடைப்பவை சோதனைக்கானவை, உபுண்டுவின் கையெழுத்து இல்லாதவை, செக்யூர் பூட் இருந்தால் திறக்கவே விடாது, பாதுகாப்புத் திருத்தங்களும் தானாக வராது. முதல் தடவைக்கு அது வேண்டாம். மூல நிரலை இறக்கி நாமே கட்டுவது அருமையான படிப்பு, ஆனால் அதற்கென்று ஒரு பழைய கணினி தனியாக இருக்கட்டும், மண்டி லேப்டாப்பில் வேண்டாம்.

மற்ற லினக்ஸ்களைப் பற்றிச் சுருக்கமாக. மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்ஸ் என்று இருக்கிறது, சொடுக்கியே செய்துவிடலாம். டெபியன் 12-இல் 6.1, 13-இல் 6.12, ஆப்ட் கட்டளைகள் இதேதான். ஃபெடோராவில் சூடோ டிஎன்எஃப் அப்கிரேடு, அது வழக்கமாக மூன்று கெர்னல் வரை வைத்திருக்கும். ஆர்ச் மட்டும் விலக்கு, அங்கே புதியது பழையதை மாற்றிவிடும், அதனால் லினக்ஸ் ஹைஃபன் எல்டிஎஸ் என்பதையும் துணைக்கு நிறுவி, அது க்ரப் பட்டியலில் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புதிய கெர்னல் வந்த அன்றைக்கே பழையதைச் சுத்தம் செய்யாதீர்கள். ஒரு வாரம் ஓட்டுங்கள், மூடித் திறந்து, பிரிண்ட் எடுத்து, பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க வீடியோ பார்த்து முடிக்கட்டும். அப்புறம் சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது தொடாது. சம்மதம் கேட்கும் இடத்தில் நீக்கப்போகிறவற்றின் எண்களைக் காகிதத்தில் எழுதியதோடு ஒத்துப் பார்த்துவிட்டு ஒய் அடியுங்கள், பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணையும் தேதியையும் அதே காகிதத்தில் எழுதி லேப்டாப் பையிலேயே போட்டு வையுங்கள்.